காளி கை நீட்டினால் உங்களுக்கு எங்கே வலிக்கிறது?

அந்தக் காணொளியை நானும் பார்த்துவிட்டேன். இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். கடை வாசலில் வந்து நின்ற காளி வேடக்காரரிடம் "உடம்பு கல்லு மாதிரி இருக்கே, உழைச்சுச் சாப்பிட்டா என்ன?" என்று கேட்டு, அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிப் போவதைப் படம்பிடித்து, பின்னணியில் சிரிப்புச் சத்தத்தையும் சேர்த்து வெளியிட்டிருக்கிறார்கள். அதைவிட எனக்கு உறுத்தியது, என் நட்புப் பட்டியலில் இருக்கும் நாலெழுத்துப் படித்தவர்கள் அதன் கீழே "சவுக்கடிக் கேள்வி" என்று எழுதி மகிழ்ந்திருப்பதுதான்.

தூத்துக்குடி மாவட்டத்தில் நாங்கள் குலசை என்று சொல்லும் குலசேகரன்பட்டினத்தின் தசராத் திருவிழாவில், முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேடம் கட்டுகிறவர் பிழைப்புக்காகக் கை நீட்டுவதில்லை. பிழைப்பை நிறுத்திவிட்டு வந்து கை நீட்டுகிறார். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் வாய் வராது. காளி வேடம் என்றால் 48 நாள், 41 நாள் என்று விரதம் இருக்க வேண்டும். குறவன், குறத்தி, குரங்கு, அரசன், பிச்சைக்காரர் போன்ற மற்ற வேடங்களுக்கு அவரவர் நேர்ச்சைப்படி நாள்கள் குறையும். மாலை போட்டுக்கொண்டு, பலர் வீட்டை விட்டுத் தனியே குடில் அமைத்துத் தங்கி, ஒரு வேளை மட்டும் பச்சரிசிச் சோறு சாப்பிட்டு, தரையில் படுத்து எழுந்து, கொடியேறிய பிறகு கையில் காப்புக் கட்டிக்கொண்டுதான் வேடத்தைத் தொடுவார்கள். வீடு வீடாக எடுத்த தர்மத்தைக் கொண்டுபோய் அம்மன் உண்டியலில் போடுவார்கள். அவர் பாக்கெட்டுக்குப் போவதற்கு அந்தச் சிவப்புச் சேலையில் பாக்கெட்டே கிடையாது ஐயா.

என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வியாபாரம் செய்கிறவர். பிறரிடம் ஒரு தேநீர்கூட ஓசியில் குடிக்காதவர், அதில் கொஞ்சம் கர்வமும் உள்ளவர். சித்தி பெரிய அறுவை சிகிச்சைக்குப் போனபோது, பிழைத்து வந்தால் காளி வேடம் கட்டுகிறேன் என்று நேர்ந்துகொண்டார். சித்தி பிழைத்தார். முதல் நாள் மேளத்தோடு கிளம்பிய தசராக் குழு, நெடுநாளாக அவருக்குப் பணம் பாக்கி வைத்திருந்த ஒருவரின் வீட்டு வாசலில் போய் நின்றது. சித்தப்பா தட்டை நீட்டினார். கடன்காரரின் மனைவி பத்து ரூபாய்த் தாளைத் தட்டில் போட்டுவிட்டு, "அம்மா, எங்க கஷ்டத்தைத் தீத்து வை தாயே" என்று அவர் காலில் விழுந்தார். சித்தப்பா நெற்றியில் திருநீறு பூசிவிட்டு நகர்ந்தார். அந்தக் கடனைப் பற்றி அதன் பிறகு அவர் வீட்டில் பேசி நான் கேட்டதில்லை. இரவு குடிலில் கிரீடத்தையும் சடைமுடியையும் இறக்கி, முதுகில் கட்டியிருந்த தகரக் கைகளின் கயிற்றை அவிழ்த்தால், இரண்டு தோள்களிலும் தோல் கன்றிச் சிவந்து கிடக்கும். சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவ வாங்கிக்கொண்டு குடிலின் வாசலிலேயே நிற்கும் சித்தி, கட்டிய கணவரை அந்த நாள்களில் "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

இவரிடம் போய் உழைத்துச் சாப்பிடச் சொல்கிறீர்கள். உழைத்துச் சாப்பிடத் தெரிந்தவருக்குத்தான் கை நீட்டுவது தவம். உங்களுக்கும் எனக்கும் பட்டினி கிடப்பதுகூட எளிது. தெரிந்தவர் வீட்டு வாசலில், தெரிந்தவர் முன்னால், தட்டை நீட்டிக்கொண்டு நிற்கச் சொன்னால் உயிர் போய்விடும்.

"எல்லாருமா விரதம் இருக்கிறார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எல்லாரும் இல்லை. பரீட்சையில் பார்த்து எழுதுகிறவன் இருக்கிறான் என்பதற்காகத் தேர்வெழுதிய அத்தனை பேரையும் திருடன் என்று சொல்வோமா? "கடவுளுக்கு எதற்குக் காசு?" என்பது இன்னொருவரின் கேள்வி. கோயில் அறநிலையத் துறையிடம் இருக்கிறது, துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். "இதெல்லாம் விளம்பரத்துக்கு" என்றவருக்கு மட்டும் நின்று பதில் சொல்கிறேன். 2020இல் கொரோனாக் கட்டுப்பாட்டால், வழக்கமாகப் பத்தாம் நாள் இரவு கடற்கரையில் லட்சக்கணக்கானோர் முன் நடக்கும், அம்மன் மகிஷாசுரனை வதைக்கும் சூரசம்ஹாரம், பக்தர்கள் இல்லாமல் கோயில் வளாகத்துக்குள்ளேயே நடந்தது. அந்த ஆண்டும் சித்தப்பா மாலை போட்டு, பச்சரிசிச் சோறு பொங்கித் தின்று, தரையில்தான் படுத்தார். பார்க்க ஒருவரும் இல்லை. யாருக்கு விளம்பரம்?

சினிமா ஆட்டத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி, எனக்கும் அதில் வெறுப்பு உண்டு. வெளியூரிலிருந்து நடனக் குழுக்களைக் கூட்டிவந்து, அம்மன் பாட்டு இரண்டு, குத்துப் பாட்டு இருபது என்று ஆடவிட்டு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டு ஆபாச ஆட்டத்துக்குத் தடை போடும் அளவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஆனால் அந்தக் குழுக்களுக்குப் பணம் கொடுப்பது யார்? சித்தாள் வேலைக்குப் போகிறவரா, கருப்பட்டி விற்கிறவரா? பதாகையில் தங்கள் முகத்தை அம்மன் முகத்தைவிடப் பெரிதாக அச்சடிக்கிற பெரிய மனிதர்கள். அவர்கள் கடைக்கு வந்தால் எழுந்து நின்று நாற்காலி போடுவீர்கள். வெறுங்காலோடு வருகிற காளியிடம் உங்கள் பகுத்தறிவைக் காட்டுவீர்கள்.

சொல்லத்தான் வேண்டும் என்பதால் சொல்கிறேன். இதே ஒன்பது நாள்களில் குளிரூட்டிய கூடத்தில் கொலுப்படி கட்டி, பட்டுச் சேலையில் நின்று படம் எடுத்துப் போட்டால் அது பண்பாடு, மரபு, கலை நேர்த்தி. நானும் போய்ச் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு, பொம்மைகளைப் பாராட்டிவிட்டுத்தான் வருகிறேன். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அதே தேவியை முகத்தில் சிவப்புச் சாயம் பூசி, தலையில் சுமந்து, வெயிலில் தெருத் தெருவாகக் கொண்டுவந்தால் மட்டும் அது மூடத்தனம், போக்குவரத்து இடைஞ்சல், பிச்சை. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் கொலு வைக்க வரவேற்பறையையே ஒழித்துக் கொடுத்தார்கள், குலசைக்குப் போக நான் இரண்டு நாள் விடுப்புக் கேட்டபோது, "நீங்களும் வேஷம் போடுவீங்களா?" என்று மேலாளர் கேட்க, அறையே சிரித்தது. அந்தச் சிரிப்பும் காணொளியில் ஒட்டியிருக்கும் சிரிப்பும் எனக்கு ஒரே மாதிரித்தான் கேட்கின்றன. இதைத் தாழ்வு மனப்பான்மை என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

குலசைக் கடற்கரையில் மகிஷன் சிங்கமுகத்தோடு வருவான், எருமைமுகத்தோடு வருவான், கடைசியில் சேவலாகவும் வருவான். தப்பிப்பதற்காக முகம் மாற்றுகிறவன் அவன். அவனுக்கு எதிரே மணலில் நிற்கிற வேடக்காரர்கள் யாரும் தப்பிக்க வந்தவர்கள் இல்லை. ஞானமூர்த்தீஸ்வரரோடு ஒரே பீடத்தில் அமர்ந்திருக்கும் முத்தாரம்மனிடம் பட்ட கடனை, ஊரறியக் கை நீட்டித் தீர்க்க வந்தவர்கள்.

கொடுக்க மனமில்லையா, கொடுக்காதீர்கள். கும்பிட்டு அனுப்பிவிடுங்கள், அடுத்த வாசலுக்குப் போய்விடுவார்கள். காசு தராதவர் வீட்டில் எந்தக் காளியும் இதுவரை சண்டை போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. காணொளியைப் பகிர்ந்த நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: இந்த ஆண்டும் சித்தப்பா மாலை போட்டிருக்கிறார். அந்தக் கேள்வியை அவரிடம் நேரிலேயே கேட்கலாம், ஆனால் பதில் வராது, ஏனென்றால் விரதத்தில் இருப்பவர் வாதாடக் கூடாது. எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதால், கேட்பதை இங்கேயே என்னிடம் கேளுங்கள்.