குலதெய்வம் எது என்று கேட்காத ஓர் அறை

அண்ணன் மகள் இங்கிலாந்தில் எம்.எஸ்சி. படிக்கிறாள். போன மாதம் வீடியோ காலில் பேசும்போது, பல்கலைக்கழகத்தில் பேகன் மாணவர் மன்றத்தில் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். அவ்வளவுதான். அண்ணி கூகுளில் தேடி, ஐந்து முனை நட்சத்திரத்தையும் கறுப்பு அங்கியையும் பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "பேய் பிசாசு கும்பிடுற கூட்டத்துல மாட்டிக்கிட்டா போல, நீயாவது பேசேன்" என்று அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

பேசினேன். கண்டிப்பாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

பேகன் என்பது ஒரே மதம் இல்லை. மந்திரச் சடங்குகள் செய்யும் விக்கா உண்டு, பழைய ஐரோப்பியப் பூசாரிகளின் பெயரில் இயங்கும் ட்ரூயிட் உண்டு, ஓடின், தோர் போன்ற வடதேசத்துத் தெய்வங்களை வணங்குபவர்கள் தனி. எல்லோருக்கும் பொதுவான வேதநூல் கிடையாது, தலைமைப் பீடம் கிடையாது. நிலத்தையும் பருவத்தையும் மூதாதையரையும் வணங்குவது அவர்களில் பலருக்குப் பொது. பலர் ஆண்டுக்கு எட்டு விழா எடுக்கிறார்கள், அதில் நான்கு சூரியனின் போக்கை வைத்து வருபவை. சாத்தான் கிறிஸ்தவ நம்பிக்கையில் வருபவன், இவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. விக்கா இன்றைய வடிவில் வெளியே தெரிந்தது 1950-களில், ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர் மூலமாக. பிரிட்டனில் பழைய சூனியச் சட்டத்தை 1951-ல் நீக்கிய பிறகுதான் அவர் அதை வெளிப்படையாக எழுதினார். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து சுமார் 74,000 பேர் தங்களைப் பேகன் என்று எழுதியிருக்கிறார்கள்.

லத்தீனில் அந்தச் சொல்லுக்கு முதலில் நாட்டுப்புறத்தான் என்றுதான் பொருள். அண்ணி பயந்த வார்த்தை ஒருகாலத்தில் நமக்கும் வைத்த பெயர்தான். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, ஐயனார், மாரியம்மன், எல்லம்மன் பற்றியெல்லாம் விவரமாக எழுதி 1713-ல் ஜெர்மனிக்கு அனுப்பினார். நம்மை அவர் குறித்த ஜெர்மன் சொல்லுக்கும் கிட்டத்தட்ட இதே பொருள். அந்தப் புத்தகத்தை அங்கே அச்சிடவில்லை. 1867-ல் நம் சென்னையில்தான் அது அச்சேறியது.

சரி, அவள் மன்றத்துக்கு வருகிறேன். அக்டோபர் 31 அன்று சௌவின் என்ற விழா. மறைந்தவர்களை நினைக்கும் இரவு. பதினோரு பேர் வந்திருந்தார்களாம். அதில் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் இரண்டு பேர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் ஒரு பெண். மேசையில் படங்களை வைத்து மெழுகுவத்தி ஏற்றினார்கள். பேச விரும்பியவர்கள் பேசினார்கள், மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இவள் தாத்தா படத்தைப் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறாள். தாத்தாவை அவள் பார்த்ததே இல்லை. "நம்ம ஊர்ல அமாவாசைக்கு அப்பாதான் தண்ணி விடுவாரு, நான் தள்ளி நின்னு பார்ப்பேன். இங்கதான் அத்தை முதல் தடவை நானே விளக்கு ஏத்தினேன்" என்றாள்.

அவள் தாத்தா என்றால் என் அப்பா. அவர் இறந்தது 1994-ல், நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது. பதினாறாம் நாள் முடிந்து விடுதிக்குத் திரும்பினேன். அப்பா இப்போது எங்கே இருப்பார் என்ற கேள்வி தொண்டையில் நின்றது. விடுதியில் ஒரு பிரார்த்தனைக் குழு இருந்தது, அன்பாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். மூன்றாவது வாரம், இயேசுவை ஏற்றுக்கொள்ளாமல் இறந்தவர்கள் எங்கே போவார்கள் என்று விளக்கினார்கள். எழுந்து வந்துவிட்டேன். கடவுள் மறுப்பு பேசிய தோழர்களிடம் போனால், படித்த பெண் இதைக் கேட்கலாமா என்றார்கள். அவர்களிடம் நான் கற்றது ஏராளம், இன்றும் நன்றி உண்டு, ஆனால் அந்த ஒரு கேள்விக்கு அங்கே இடமில்லை. பஜனைக் குழு ஒன்றும் இருந்தது. முதல் நாளே என் கோத்திரம் கேட்டார்கள்.

அதன் பிறகு யாரிடமும் கேட்கவில்லை. முப்பது வருடம் கழித்து, பதினோரு பேர் சுற்றி உட்கார்ந்திருந்த மேசையில் அப்பா படம் இருந்தது என்று கேட்டபோது அழுதுவிட்டேன்.

விஷயம் புரிந்ததும் அண்ணன் சமாதானமாகிவிட்டார். "நம்ம குலதெய்வம் கும்பிடுறதுதானே இது, நம்மகிட்ட எப்பவோ இருக்கு" என்கிறார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. யோசிக்க யோசிக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் குலதெய்வம் செஞ்சி பக்கம் ஓர் ஏரிக்கரையில் இருக்கிறது. கூரை கிடையாது. மண்குதிரை, வேல், வேப்பமரம். அவள் நண்பர்கள் பார்த்தால் மயங்கிப்போவார்கள். ஆனால் அங்கே பொங்கல் வைப்பது பங்காளிகள் மட்டும்தான். மேளம் அடிக்க வருபவர்கள் வேப்பமரத்தைத் தாண்டி வரமாட்டார்கள். வரமாட்டார்கள் என்று எழுதுவதே தப்பு, வரவிடுவதில்லை. அவர்கள் அடிக்கும் அடியில்தான் எங்கள் பெரியப்பாவுக்குச் சாமி வரும். அவர்களுக்கு விபூதி மட்டும் தூரத்திலிருந்து விழும். சின்ன வயதில் நானும் பார்த்துக்கொண்டு நின்றவள்தான்.

அந்த மன்றத்துக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அங்கே கதவைத் திறந்துகொண்டு யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். இங்கே சாமிக்கு முன்னால் பிறப்பு வந்து நிற்கிறது. சென்னைக் கல்லூரியில் ஒரு பிள்ளையிடம் "உங்க குலதெய்வம் எது, எந்த ஊர்" என்று கேட்டால், அது சாதியைக் கேட்பதுதான். இரண்டே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதனால் இப்படி ஒரு மன்றம் நம் கல்லூரிகளிலும் வேண்டும் என்று நினைக்கிறேன். பேகன் என்ற பெயர் தேவையில்லை. இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வாழ்ந்த வள்ளலார்தான் சாதி சமய வேற்றுமை வேண்டாம் என்று 1865-ல் சன்மார்க்க சங்கம் தொடங்கினார். அடையாறில் தியாசபிகல் சொசைட்டி என்ற பிரம்மஞான சபையின் வளாகத்துக்குள் கோயில், சர்ச், மசூதி, புத்தர் சன்னதி எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் பத்தொன்பது வயதில் அப்பாவை இழந்த பிள்ளை அங்கே போய் யாரிடம் பேசும்? வகுப்புக்குப் பக்கத்திலேயே, சம வயதுக்காரர்களோடு உட்கார ஓர் இடம் வேண்டும். இன்று கல்லூரிக்குள் வந்து தியானம் சொல்லித்தருபவர்கள் இருக்கிறார்கள். முதல் வகுப்பு இலவசம், அடுத்ததற்குக் கட்டணம், அப்புறம் தொண்டராக வா என்கிறார்கள். அதை நான் கேட்கவில்லை.

வாரம் ஒரு மணி நேரம், ஒரு காலி வகுப்பறை. குரு வேண்டாம், வசூல் வேண்டாம், ஆள் சேர்க்க யாரும் வரக்கூடாது. நம்புகிறவரும் நம்பாதவரும் கேள்வி கேட்கலாம். பெயரைச் சொன்னால் போதும், ஊரையும் சாமியையும் அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், நாமாகக் கேட்கக் கூடாது. ஒருநாள் மயிலாப்பூர் முண்டகக்கண்ணியம்மனின் ஓலைக் கூரையைப் போய்ப் பார்க்கட்டும், இன்னொரு நாள் இதெல்லாம் எதற்கு என்று சண்டை போடட்டும்.

கல்லூரியில் வேலை பார்க்கும் நண்பர்கள் என் நட்புப் பட்டியலில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மன்றம் தொடங்க ஓர் ஆசிரியர் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். யாராவது முன்வந்தால் சொல்லுங்கள். முதல் நாள் டீயும் சுண்டலும் நான் கொண்டுவருகிறேன், அப்பா படத்தையும்.