‘ரூ மெங் லிங்’ லி சிங்சாவ் கண்டுபிடித்ததல்ல

‘சீனப் பெண்கவிஞர் லி சிங்சாவ் தன் கனவைப் பற்றி எழுதிய கவிதைக்கு வைத்த தலைப்புதான் ரூ மெங் லிங்’ என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இல்லைங்க. அது மெட்டின் பெயர், கவிதையின் தலைப்பு அல்ல; ஒரே மெட்டுக்குப் பல கவிஞர்கள் பாட்டு எழுதுவார்கள். மெட்டைப் போட்டவராகச் சொல்லப்படுபவர் சீனாவின் பின் தாங் வம்ச அரசர் லி சுன்சூ. 926இல் இறந்தவர், நாடகப் பித்தர். அவர் பாட்டில் ‘ரூ மெங், ரூ மெங்’, அதாவது ‘கனவைப் போல, கனவைப் போல’ என்று வரும். மெட்டின் பழைய பெயர் பிடிக்காமல் பிற்காலக் கவிஞர் சூ ஷி அந்தச் சொல்லையே பெயராக்கினார். 1084 வாக்கில் சூ ஷி இதே மெட்டில் விளையாட்டாக எழுதியது குளியலைப் பற்றி. முதுகு தேய்ப்பவரிடம் ‘மெல்லத் தேய்யா’ என்கிற தோரணையில்! லி சிங்சாவ் அப்போது கைக்குழந்தை.

மெட்டுக்கு மொத்தம் 33 சீன எழுத்து. வரிக்கு 6, 6, 5, 6, 2, 2, 6. மூன்றாம் வரி தவிர மற்றவற்றில் இயைபு உண்டு. அந்த இரண்டு குட்டி வரிகளும் ஒரே சொல்லின் இரட்டிப்பு. லி சிங்சாவின் புகழ்பெற்ற பாட்டில் அந்த இடத்தில் வருவது ‘தெரியுமா, தெரியுமா?’ அதில் கனவே கிடையாது. இரவு மழை, போதை தெளியாத தூக்கம், காலையில் திரையைச் சுருட்டுபவளிடம் பூக்களைப் பற்றி ஒரு கேள்வி. அவ்வளவுதான்.