எண்ணிக்கையை மட்டும் வைத்து எடை போடாதீர்கள்

பாகிஸ்தான் ஹாக்கி வீரர் சோஹைல் அப்பாஸ் 348 கோல் அடித்ததால் இந்தியாவின் தியான் சந்தை விட ஒரு படி மேல் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் ஏற்க முடியவில்லை.

அப்பாஸ் தடுப்பாட்டக்காரர். அவர் கோல்களில் பெரும்பாலானவை பெனால்டி கார்னரில், அதாவது எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் வாய்ப்பில் வந்தவை. எல்லைக்கோட்டிலிருந்து பந்து வரும், கோலுக்கு முன்னுள்ள வட்டத்துக்கு வெளியே ஒருவர் நிறுத்துவார், இவர் மட்டையோடு ஒட்டியே இழுத்து வந்து கோல் மூலையில் சுண்டிவிடுவார். அபாரமான கலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குச் சமதளமான செயற்கைத் தரை வேண்டும். ஒலிம்பிக்கில் அது வந்ததே 1976 மாண்ட்ரியலில்தான்.

நான் கோவில்பட்டியில் மண் தரையில் ஆடி வளர்ந்தவன். சின்னக் கல்லில் பட்டாலே பந்து முழங்காலுக்கு எகிறும். மேடுபள்ளமான தரையில் பந்தை மட்டையை விட்டு விலகாமல் கொண்டு போவது எவ்வளவு கடினம் என்று ஆடியவர்களுக்குத் தெரியும். 1928 ஆம்ஸ்டர்டாமில் 5 ஆட்டங்களில் தியான் சந்த் 14 கோல் அடித்தது புல் தரையில், எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி முன்னால் நின்று பந்து வாங்க விடாத பழைய ஆஃப்சைடு விதி இருந்த காலத்தில்!

தியான் சந்த் காலத்து எதிரணிகள் பலவீனம் என்பார்கள். 1932 லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அது பொருந்தும். மொத்தமே மூன்று அணிகள், அமெரிக்காவை 24-1 என வென்றோம். அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் 1936 பெர்லினில் ஜெர்மனியை அதன் சொந்த மண்ணில், இறுதிப் போட்டியில் 8-1 என்று வீழ்த்தினார்களே!

இந்திய முன்கள வீரர் பல்பீர் சிங் சீனியரைக் கட்டுரை ஒரு வரியில் கடந்ததுதான் பெரிய வருத்தம். 1952 ஹெல்சிங்கி இறுதிப் போட்டியில் நெதர்லாந்துக்கு எதிராக இந்தியா அடித்த 6 கோல்களில் 5 அவருடையவை. ஆண்கள் ஒலிம்பிக் இறுதியில் அந்தச் சாதனையை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை.