ஓட்டுப் போடும் முன்பே தெரிய வேண்டிய கணக்கு

கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் கொடுக்க ஸ்டேட் வங்கி விற்றவைதான் தேர்தல் பத்திரங்கள். உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2024 மார்ச் 14 அன்று அவற்றின் விவரங்களைத் தேர்தல் ஆணையம் வெளியிட்டபோது, வந்தவை இரண்டு தனித்தனிப் பட்டியல்கள். ஒன்றில் பத்திரம் வாங்கியவர் பெயர், தேதி, தொகை. மற்றொன்றில் பணமாக்கிய கட்சி, தேதி, தொகை. யார் கொடுத்தது யாருக்குப் போனது என்று மட்டும் தெரியாது. இரண்டையும் இணைக்கும் பத்திர எண்ணை ஸ்டேட் வங்கி கொடுக்கவில்லை. உச்ச நீதிமன்றம் மறுபடியும் கண்டித்த பிறகு, மார்ச் 21 அன்றுதான் அது வந்தது. இத்தனைக்கும் ஒவ்வொரு பத்திரத்திலும் புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும்படி அந்த எண் அச்சிடப்பட்டிருந்தது. அரசு வங்கியிடம் எண் இருந்தது, ஓட்டுப் போடுகிற நமக்கு இல்லை. இதில் எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

அதிகமாக வாங்கியது லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய்க்கு. அதில் திமுகவுக்கு வந்தது 500 கோடிக்கும் மேல். 2003 முதல் லாட்டரிக்குத் தடை உள்ள மாநிலம் நம்முடையது. சட்டப்படிதான் வாங்கினார்கள், கொடுத்தவர் பெயரைத் திமுக தேர்தல் ஆணையத்திடம் சொன்னது, இரண்டும் உண்மை. ஆனால் 2021 சட்டமன்றத் தேர்தலில் வரிசையில் நின்றவர்களுக்கு இந்தப் பணத்தைப் பற்றி என்ன தெரியும்? பாஜகவுக்கு 2019 ஏப்ரல் முதல் வந்தது 6,000 கோடிக்கும் மேல். அந்தக் கட்சியிடமும் இதே கேள்விதான். நம்ம கட்சி என்றால் ஒரு நியாயம், எதிர்க்கட்சி என்றால் ஒரு நியாயம் என்று பேசினால் இந்த விஷயம் ஒரு அடி நகராது.

அப்புறம், பங்குதாரர்கள். ஸ்டெர்லைட்டின் தாய் நிறுவனம் வேதாந்தா சுமார் 400 கோடிக்குப் பத்திரம் வாங்கியிருக்கிறது. பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம் அது, அதில் சாதாரண மக்களின் சேமிப்பும் இருக்கும். நன்கொடை கொடுக்க இயக்குநர் குழுவின் தீர்மானம் போதும், பங்குதாரரைக் கேட்க வேண்டியதில்லை. மூன்று வருட சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் என்ற உச்சவரம்பையும் 2017இல் தூக்கிவிட்டார்கள். நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றானது. நல்லவேளை, உச்ச நீதிமன்றத்தின் 2024 பிப்ரவரி 15 தீர்ப்பு, பத்திரத் திட்டத்தோடு அதையும் சேர்த்து ரத்து செய்தது.

சரி, பத்திரம் ஒழிந்தது, எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. இப்போது பெரும்பணம், கம்பெனிகளிடம் நன்கொடை வாங்கிக் கட்சிகளுக்குக் கொடுக்கும் தேர்தல் அறக்கட்டளைகள் வழியாகப் போகிறது. தங்களுக்குப் பணம் கொடுத்த கம்பெனிகளின் பட்டியலையும், வாங்கிய கட்சிகளின் பட்டியலையும் அவை தருகின்றன. பல கம்பெனிகளின் பணம் ஒன்றாகக் கலந்து போகும்போது, எந்தக் கம்பெனியின் பணம் எந்தக் கட்சிக்கு என்பது மறுபடியும் மறைந்துவிடுகிறது. அந்த அறிக்கையும் நிதியாண்டு முடிந்த பிறகுதான் வரும். இடையில் எத்தனை தேர்தல் முடிந்துவிடும்!

ஒரு கம்பெனி கட்சிக்குக் கொடுக்கும் பணம், கொடுத்தவர், வாங்கியவர் பெயரோடு ஒரு வாரத்துக்குள் இணையத்தில் வர வேண்டும். அறக்கட்டளை வழியாகப் போனாலும் அப்படித்தான். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் ஒப்புதல் தராமல் ஒரு ரூபாயும் போகக் கூடாது. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளரிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும், இந்த இரண்டுக்கும் சட்டம் கொண்டுவருவீர்களா என்று கேளுங்கள். நான் கேட்கப்போகிறேன்.