ஸ்ட்ரெயிட்டனிங்கா ஸ்மூத்தனிங்கா, ஒரு பதில் சொல்ல உங்களுக்கு என்ன கஷ்டம்?

ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். என் முடிக்கு ஸ்ட்ரெயிட்டனிங் சரிவருமா, ஸ்மூத்தனிங் சரிவருமா? இதற்குப் பதில் வாங்க நேற்று ஒரு பார்லரில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். விடிந்தும் ஆத்திரம் அடங்கவில்லை.

அடுத்த மாதம் தங்கைக்குக் கல்யாணம். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் என் சுருட்டை முடி என்ன பாடுபடும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சரி, கேட்டுப் பார்ப்போம் என்று போனேன். உள்ளே நுழைந்ததும் ஒரு பெண், "ஸ்மூத்தனிங் பண்ணிக்கங்க மேம், நேச்சுரலா இருக்கும்" என்றாள். ஐந்து நிமிடம் கழித்து மேனேஜர் வந்து முடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஸ்ட்ரெயிட்டனிங்தான் நிக்கும்" என்றார். ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம் என்று கேட்டேன். "அது ஸ்ட்ரெயிட்டா இருக்கும் மேம், இது ஸ்மூத்தா இருக்கும்." சத்தியமாக இதுதான் பதில்! மறுபடியும் கேட்டேன். "அது கொஞ்சம் ஹெவி, இது கொஞ்சம் லைட்." எது ஹெவி, உள்ளே என்ன போடுகிறீர்கள்? "எல்லாம் இம்போர்ட்டட் மேம், கெமிக்கலே கிடையாது."

கெமிக்கலே இல்லாமல் சுருட்டை முடி எப்படி மாதக்கணக்கில் நேராக நிற்கும்? முடி என்பது கெரட்டின் என்ற புரதம். சுருளைப் பிடித்து வைத்திருப்பது அதற்குள் இருக்கும் கந்தகப் பிணைப்பு. ஸ்ட்ரெயிட்டனிங், ரீபாண்டிங் என்று சொல்வதில் பெரும்பாலும் தயோகிளைகோலேட் க்ரீமைத் தடவி அந்தப் பிணைப்பை உடைக்கிறார்கள், அயர்ன் வைத்து நேராக்குகிறார்கள், நியூட்ரலைசர் போட்டு அப்படியே பூட்டிவிடுகிறார்கள். பூட்டிய முடி பழையபடி சுருளாது. வேரில் மாதம் ஒரு சென்டிமீட்டர் போல வளர்வது மட்டும் சுருட்டையாக வரும், ஆறு மாதத்தில் மேலே அலை, கீழே ஈர்க்குச்சி. அப்புறம் அதைச் சரிசெய்ய மறுபடி அவர்களிடமே போகவேண்டும். கெரட்டின் வகை ஸ்மூத்தனிங் வேறு, அதில் ஒரு கரைசலைப் பூசி 200 டிகிரிக்கு மேல் சூடு வைத்துப் படிய வைக்கிறார்கள், சில மாதம் குளிக்கக் குளிக்கக் குறைந்துவிடும். ஆனால் எத்தனையோ பார்லரில் ஸ்மூத்தனிங் என்ற பெயரில் தடவுவதும் அதே தயோகிளைகோலேட்தான், கொஞ்சம் வீரியம் கம்மியாக. அதனால்தான் பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, பாட்டிலைப் பார்க்கவேண்டும் என்கிறேன். இதை இரண்டு நிமிடத்தில் சொல்லியிருந்தால் நானே முடிவு பண்ணிக்கொள்ள மாட்டேனா?

பாட்டிலைக் காட்டச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. ஒரு வெள்ளை பாட்டில் வந்தது. பின்பக்கம் என்னென்ன கலந்திருக்கிறது என்று அச்சடித்த இடத்துக்கு மேலேயே விலை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன், கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். ஃபார்மால்டிஹைடு இருக்கா என்றால், "ஃப்ரீ மேம், முன்னாடியே போட்டிருக்கு பாருங்க" என்கிறார் மேனேஜர். முன்னாடி ஃப்ரீ என்று போட்டுவிட்டுப் பின்னாடி மெத்திலீன் கிளைகால் என்று போட்டிருந்தால்? சூடு பட்டதும் அதிலிருந்து வருவது ஃபார்மால்டிஹைடுதானே. பிணத்தைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் இருப்பது அது. புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது. அதைத் தலையில் வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று தீர்மானிக்க எனக்கு உரிமை இல்லையா?

என் தலையாவது ஒரு நாளோடு போகும். பக்கத்து நாற்காலியில் ஒரு அக்காவுக்கு ஒரு பையன் அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தான், இருபது வயது இருக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் புகை குபுகுபுவென்று அவன் முகத்துக்கே போகிறது. ஏசிக்காக ஜன்னல் எல்லாம் மூடிக் கிடக்கிறது. மாஸ்க் கிடையாது. ஒரு கையில் சீப்பு, ஒரு கையில் அயர்ன், கண்ணில் வழிந்ததைத் தோள்பட்டையில் தேய்த்துத் தேய்த்துத் துடைக்கிறான். கண்ணு எரியுதா தம்பி என்றேன். "பழகிருச்சுக்கா" என்றான். அந்த மேனேஜர் அங்கேதான் நிற்கிறார், காதில் விழாத மாதிரி. அவனுக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்க என்ன ஆகிவிடும்?

இவ்வளவு நேரத்தில் ஒருவராவது "மருதாணி போட்டிருக்கீங்களா, டை அடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்களா? இல்லை. மூன்று மாதம் முன்னால்தான் பாக்கெட் மருதாணி போட்டேன். சில பாக்கெட்டில் உலோக உப்பு கலந்திருக்கும், நியூட்ரலைசரில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு அதில் பட்டால் முடி சூடேறி முறிந்தே போகும். காதுக்குப் பின்னால் ஒரு கொத்தில் போட்டுப் பாருங்கள் என்று நானே கேட்டேன். "அதெல்லாம் டைம் ஆகும் மேம்." முடியை அளந்து காசு போட மட்டும் நேரம் இருந்தது. வாசல் போர்டில் 2,999 ரூபாய், தோளுக்குக் கீழே என்றதும் 7,500. வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். கல்யாணத்துக்கு எண்ணெய் வைத்துப் பின்னி, பூ வைத்துக்கொண்டு போகிறேன், போதும்.

இன்னொன்று. கேட்க வந்தவளிடம் எதற்குப் போன் நம்பர்? கொடுத்தால்தான் ஆயிற்று என்று வாசலிலேயே மறித்தார்கள். காலையிலிருந்து ஐந்து மெசேஜ், "ஹாய் டியர்" என்று. பிளாக் பண்ணினேன். இப்போது வேறு நம்பரிலிருந்து வருகிறது.