விழுந்த சைக்கிள் என்று சொல்லித்தான் விற்றேன்

போன சனிக்கிழமை என் சைக்கிளை விற்றுவிட்டேன். நாலு வருஷம் என்னிடம் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு சீசன் முழுக்க ஒரு தொழில்முறைப் பந்தய வீரர் ஓட்டிய சைக்கிள் அது. செய்தி தெரிந்த நண்பர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "எவ்வளவுக்குப் போச்சு?" 1,300 யூரோவுக்குப் போனது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் 1,800 கிடைத்திருக்கும். அந்த 500 எங்கே போனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது பெல்ஜியத்தில், லூவன் நகரத்தில். சைக்கிள் பந்தய உலகின் ஜாம்பவான் எடி மெர்க்ஸ் பிறந்த மீன்செல்-கீசெகெம் கிராமம் இங்கிருந்து ரொம்ப தூரமில்லை. 2021இல் உலக சாம்பியன்ஷிப் சாலைப் பந்தயம் ஆண்ட்வெர்ப்பில் கிளம்பி எங்கள் ஊரில்தான் முடிந்தது. அன்றைக்கு மகனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றேன். ஜூலியன் அலாஃபிலிப் ஜெயித்தார். வீரர்கள் எங்களைக் கடந்தபோது முகத்தில் அடித்த காற்று இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பைத்தியத்தில்தான் இந்த சைக்கிளை வாங்கினேன்.

பந்தய வீரரின் சைக்கிள் என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் என்று நம்மூரில் நினைக்கிறோம். இங்கே அப்படியில்லை. சைக்கிள்கள் பெரும்பாலும் அணிக்கோ ஸ்பான்சர் கம்பெனிக்கோ சொந்தம். வீரருக்குப் பந்தயத்துக்கு, வீட்டில் பயிற்சிக்கு, கடிகாரத்தை எதிர்த்துத் தனியாக ஓட்டும் நேரப் பந்தயத்துக்கு என்று ஒரே சீசனில் பல சைக்கிள்கள் தருவார்கள். சீசன் முடிந்ததும் அடுத்த வருஷ மாடல் வந்துவிடும். பழையதை விற்றுவிடுவார்கள். சர்வதேச சைக்கிள் சங்கத்தின் விதியும் இதற்கு ஒத்துப்போகிறது: பந்தயத்தில் ஓடும் ஃபிரேமும் சக்கரமும் பொதுமக்களுக்கும் விற்பனைக்குக் கிடைக்க வேண்டும். எடை 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்பது 2000இலிருந்து இருக்கிற விதி. ஆக, அவர் ஓட்டியதும் கடையில் தொங்குவதும் ஒரே ஃபிரேம். காசிருந்தால் நாளைக்கே நீங்களும் வாங்கலாம்.

அப்படியானால் வீரர் ஓட்டியதில் என்ன விசேஷம்? எனக்கு அது ஸ்டெம்மில் இருந்தது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் அந்தத் துண்டின் மேல் ஒரு வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. எத்தனையாவது கிலோமீட்டரில் கல் பாவிய சாலை தொடங்குகிறது, எத்தனையில் மேடு வருகிறது என்று பந்தய நாள் காலையில் பொடிப்பொடியாக எழுதி ஒட்டிக்கொள்வார்கள். பாதி கிழிந்துவிட்டது. மிச்சமிருந்ததில் வியர்வையும் மழையும் பட்டு மை கரைந்து, கடைசி மூன்று வரி மட்டும்தான் படிக்க முடிந்தது. அந்த மூன்று எண்களையும் பார்த்துக்கொண்டே ஒருவர் 200 கிலோமீட்டருக்கு மேல் மிதித்திருக்கிறார். பாரில் சின்னதாக அவர் பெயரும் அவர் நாட்டுக் கொடியும். சீட்டுக்குப் பின்னால் எண் தகடு மாட்டும் கொக்கி. இதெல்லாம் கடையில் கிடைக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் வாங்கும்போது விற்றவர் உறுதியாகச் சொன்னார்: "ஒரு தடவைகூட விழுந்ததில்லை." நம்பினேன். நாலு மாதம் கழித்து மேடு ஏறும்போது பின்னாலிருந்து "கடக் கடக்" என்று ஒரு சத்தம். செயினாக இருக்கும், பெடலாக இருக்கும் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். நிற்கவில்லை. கடைசியில் கார்பன் ஃபிரேம் மட்டுமே பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஒரு நாணயத்தை எடுத்துக் குழாய் நெடுக மெல்லத் தட்டிக்கொண்டே போனார். டிங், டிங், டிங். பின் சக்கரத்தைத் தாங்கும் இடது பக்கக் குழாயில், சீட்டிலிருந்து ஒரு சாண் கீழே வந்ததும் சத்தம் "டப்" என்று செத்துப்போனது. அப்புறம் ஸ்கேன் எடுத்துக் காட்டினார். பெயின்ட்டுக்கு அடியில் மூன்று சென்டிமீட்டர் விரிசல். இடது பிரேக் கைப்பிடியில் இருந்த தேய்மானத்தையும் அவர்தான் காட்டினார். "இது ரோட்டில் உரசியது. இடது பக்கமாக விழுந்திருக்கிறது."

இரும்பு சைக்கிள் அடிபட்டால் வளையும், கண்ணுக்குத் தெரியும். கார்பன் வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளே விட்டுப்போயிருக்கும். ஒரு நாள் சட்டென்று முறியும். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி கேட்டாள்: "ஏங்க, இறக்கத்துல 60ல போறப்போ இது உடைஞ்சிருந்தா?" நான் பதில் சொல்லவில்லை. அந்த வாரத்தில் இரண்டு தடவை அப்படி இறங்கியிருந்தேன்.

280 யூரோ கொடுத்து ரிப்பேர் செய்தேன். விரிசலைத் தேய்த்து எடுத்து, புது கார்பன் நார் சுற்றி, பிசின் விட்டு இறுக்கி, மேலே அதே கலரில் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். அருமையான வேலை. விரலால் தடவினாலும் தெரியாது. அதற்கப்புறம் மூன்று வருஷத்துக்கும் மேல் ஓட்டினேன், ஒரு சத்தமும் இல்லை.

இப்போது முதுகு வலி. வீரர்களின் சைக்கிள் நம்மைப் போன்றவர்களின் உடம்புக்கு அமைத்ததல்ல. ஸ்டெம் 14 சென்டிமீட்டர் நீளம், ஹேண்டில்பார் கீழே கிடக்கும், நன்றாகப் படுத்து ஓட்ட வேண்டும். விற்கலாம் என்று முடிவு செய்தபோது கூட ஓட்டும் தம்பி ஒருவன் சொன்னான்: "அண்ணா, ரிப்பேர் பண்ணியாச்சுல்ல? இடமே தெரியல. அப்புறம் எதுக்கு விழுந்ததைச் சொல்லிக்கிட்டு? ரேஸ் ஜெயிச்ச சைக்கிள்னு போடுங்க, அள்ளிட்டுப் போவாங்க." நல்ல பையன்தான், எனக்கு நஷ்டம் வரக் கூடாது என்ற அக்கறையில் சொன்னான். ஆனால் அன்றைக்கு எனக்கு விற்றவரும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பார்.

நாம் கேட்கும் அந்தக் கூடுதல் விலை சைக்கிளுக்கானதே இல்லை. இன்னொருவரின் வாழ்க்கையில் நடந்ததற்காக நாம் காசு வாங்குகிறோம். அதில் நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் விழுந்ததை மறைக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே கிசாலோ மாதா கோயில் இருக்கிறது. கிசாலோ மாதாவை சைக்கிள் ஓட்டுபவர்களின் பாதுகாவலி என்று 1949இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் அறிவித்தார். இரண்டு வருஷம் முன்னால் குடும்பத்தோடு போயிருந்தோம். சின்னக் கோயில். பீடத்தைச் சுற்றிச் சுவரெல்லாம் சைக்கிளும் ஜெர்சியும். அங்கே ஒரு சைக்கிள் நெளிந்துபோய்த் தொங்குகிறது. ஃபாபியோ காசார்டெல்லியுடையது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் சாலைப் பந்தயத்தில் தங்கம் வாங்கியவர். 1995 ஜூலை 18 அன்று டூர் டி பிரான்ஸில் போர்தே டாஸ்பே மலை இறக்கத்தில் விழுந்து இறந்துபோனார். அந்த சைக்கிளை யாரும் நிமிர்த்தவில்லை, பெயின்ட் அடிக்கவில்லை. விழுந்தது விழுந்தபடி இருக்கிறது. என் மகன்கூட அதன் முன்னால் சத்தமில்லாமல் நின்றான்.

அதே 1995இல் காசார்டெல்லியின் அணியில் இருந்தவர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங். நண்பர் இறந்து மூன்றாம் நாள் லிமோஜ் நகரில் ஜெயித்து, வானத்தைக் காட்டியபடி கோட்டைக் கடந்தார். அவருடைய சைக்கிள் ஒன்று 2009 நவம்பரில் நியூயார்க்கில் சோத்பீஸ் ஏலத்துக்கு வந்தது. அந்த வருஷ டூர் டி பிரான்ஸின் கடைசி நாளில் பாரிஸில் அவர் ஓட்டிய ட்ரெக் கம்பெனி சைக்கிள். டேமியன் ஹர்ஸ்ட் என்ற கலைஞர் அதன் மேல் நிஜமான பட்டாம்பூச்சி இறக்கைகளை ஒட்டியிருந்தார். 5 லட்சம் டாலருக்குப் போனது. பணம் புற்றுநோய் அறக்கட்டளைக்கு. மூன்று வருஷம் கழித்து, 2012இல் ஊக்க மருந்து விவகாரத்தில் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் பறிபோயின. 2009இல் அவர் பிடித்த மூன்றாம் இடமும் சேர்ந்து அழிக்கப்பட்டது. அந்த சைக்கிளை ஏலத்தில் வாங்கியவரை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. அந்த சைக்கிளின் முழுக் கதை அன்றைக்கு அவருக்குச் சொல்லப்படவே இல்லை.

ஸ்டிக்கரை நம்பவே கூடாது என்பதை இந்த நாலு வருஷத்தில் கற்றுக்கொண்டேன். இரும்பு ஃபிரேம் காலத்தில் ஒருவர் செய்து கொடுப்பார், மேலே ஸ்பான்சரின் பெயர் இருக்கும். 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை டூர் ஜெயித்த மிகெல் இந்துராயினின் சைக்கிளில் பினாரெல்லோ என்று இத்தாலியக் கம்பெனியின் பெயர்தான் எழுதியிருக்கும். அவருக்கு ஃபிரேம் பற்றவைத்துக் கொடுத்த கை டாரியோ பெகோரெட்டியுடையது. அது அந்தத் தொழிலின் வழக்கம், அதில் ஏமாற்று இல்லை. ஆனால் இன்றைக்கு யார் பெயரை வேண்டுமானாலும் கொடியோடு அச்சடித்துத் தருவார்கள், பாரில் ஒட்டிக்கொள்ளலாம். இது போதாதென்று திருட்டுப் பொருளும் உண்டு. 2021 அக்டோபரில் இத்தாலியின் டிராக் அணியின் (மைதானத்து வட்டப் பாதையில் ஓட்டுபவர்கள்) 20க்கும் மேற்பட்ட சைக்கிள்கள் பிரான்ஸில் ஹோட்டலில் நின்ற வண்டியிலிருந்து திருடுபோய், சில நாட்களில் ருமேனியாவில் கிடைத்தன. டோக்கியோவில் தங்கம் வாங்கிய அணிக்கே இந்தக் கதி. ஆகவே ஃபிரேம் எண்ணைப் பாருங்கள். அது ஓடியதாகச் சொல்லும் பந்தயத்தின் புகைப்படங்களைத் தேடி எடுத்து, கீறல்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான் செய்ததும் அதுதான். கூடவே அந்த வீரருக்கே எழுதிக் கேட்டுவிட்டேன். அவர் பெயரை இங்கே போடப் போவதில்லை. ஓய்வு பெற்று அமைதியாக இருக்கிறார். பெரிய வெற்றி எதுவும் அவர் பெயரில் இல்லை. அணித் தலைவருக்காக உழைக்கும் துணை வீரர். பிரெஞ்சில் 'டொமெஸ்டிக்' என்பார்கள், வீட்டு வேலைக்காரர் என்று அர்த்தம். பின்னால் வரும் காருக்குப் போய், ஜெர்சிக்குள் ஆறேழு தண்ணீர் பாட்டிலைத் திணித்துக்கொண்டு, திரும்ப மிதித்து முன்னால் வந்து எல்லோருக்கும் கொடுப்பவர். தலைவரின் டயர் வெடித்தால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரோட்டோரம் நிற்பவர்.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. முதல் வரியே கேள்வி: "இடது பிரேக் கைப்பிடிக்குக் கீழே நகம் அளவுக்கு ஒரு தேய்மானம் இருக்கிறதா?" படம் எடுத்து அனுப்பினேன். "அதுதான். மழை நாள். என் முழங்கையும் அங்கேதான் கிழிந்தது" என்று எழுதியிருந்தார். அந்த சைக்கிளைத் தானே வாங்கிக்கொள்ள ஆசைப்பட்டாராம். அந்த வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, கையில் காசில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். நான் உடனே, "உங்களுக்கே தருகிறேன், நான் கொடுத்த விலைகூட வேண்டாம்" என்றேன். "வேண்டாம், இப்போது என் முதுகும் அவ்வளவு வளையாது. ஓட்டுகிறவருக்குக் கொடுங்கள். ஒன்று மட்டும்: நான் அதில் ஜெயித்தேன் என்று எழுதாதீர்கள். நான் தண்ணீர் சுமந்தேன்."

அதைப் படித்த பிறகு எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. விளம்பரத்தில் அப்படியே எழுதினேன்: துணை வீரர் ஓட்டியது, இடது பக்கம் விழுந்தது, விரிசல் விட்டது, ரிப்பேர் செய்தது, இதோ ஸ்கேன் படம். அழைத்தவர்களில் பாதிப் பேர் அந்த வரியிலேயே நின்றுவிட்டார்கள்.

ஆனால் இதை என்னைப் போன்ற ஒருவர் தேடித்தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கக் கூடாது. அணியின் மெக்கானிக்குகளுக்கு எல்லாம் தெரியும். தினமும் கழுவித் துடைப்பது அவர்கள்தான், விழுந்த அன்று ராத்திரி பாகம் மாற்றுவதும் அவர்கள்தான். விற்கும்போது ஒரு தாள் கொடுப்பதில் என்ன கஷ்டம்? எந்தப் பந்தயங்களில் ஓடியது, எப்போது விழுந்தது, எது மாற்றியது, ஃபிரேம் எண் என்ன, அவ்வளவுதான். பழைய காருக்கு இதெல்லாம் கேட்கிறோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் சைக்கிளுக்கு ஏன் கேட்கக் கூடாது? வெளியாருக்கு விற்பதற்கு முன்னால் ஓட்டியவரிடம் "உனக்கு வேணுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டு, அவர் கொடுக்கக்கூடிய விலைக்குக் கொடுக்கவும் வேண்டும். ஒரு வருஷம் அதன் மேல் மழையிலும் சேற்றிலும் கிடந்தவருக்கு அந்த முதல் உரிமை உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வாங்க வந்தவர் இங்கே பெல்ஜியத்திலேயே கென்ட் (Ghent) நகரத்துப் பக்கத்து நர்ஸ் ஒருவர். வார இறுதிகளில் அமெச்சூர் பந்தயம் ஓட்டுகிறாராம். வந்ததும் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது. ரிப்பேர் செய்த இடத்தை நானே காட்டினேன். நெடுக தட்டிக் கேட்டார். இரண்டு தெரு சுற்றி ஓட்டிவிட்டு வந்து 1,300 என்றார். சரி என்றேன். ஸ்டெம்மில் இருந்த டேப்பைச் சுத்தம் செய்து தரட்டுமா என்று கேட்டதற்கு, கையை அதன் மேல் வைத்து மறைத்துக்கொண்டு, "இருக்கட்டும்" என்றார்.

அணி கொடுக்காத அந்தத் தாளை நானே எழுதி வைத்திருந்தேன். வீரர் சொன்னது, விழுந்தது, ரிப்பேர் பில், நான் ஓட்டிய காலம், எல்லாம் அதில் இருந்தது. அடுத்து யாருக்காவது கொடுத்தால் இதுவும் கூடவே போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் நின்றபடியே முழுக்கப் படித்தார். பேனா கேட்டு வாங்கி, என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதினார். அதற்குக் கீழே இன்னும் நாலு வரிக்கு இடம் இருந்தது. தாளை மடித்து ஜெர்சியின் பின்பக்கப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் மிதித்துப் போனார்.