எட்டு என்றால் எட்டுப் பேர் இல்லை

"மாமா, உங்கட மைக்கில ஏதோ பிழை போல கிடக்கு."

இரண்டு நாளாக இந்த ஒரு வசனம் காதுக்குள் நின்று குடைகிறது. ஒரு மணித்தியாலம் ஐம்பத்திரண்டு நிமிட ஒலிப்பதிவு. அதில் பேச வேண்டியவரின் பேச்சு ஒரு வரிகூட உருப்படியாக விளங்கவில்லை. அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, பிழை மைக்கில் என்கிறான் என் மருமகன். மைக்கை இரவல் கொடுத்து வயிறெரிந்தவர்களுக்கு நான் மேற்கொண்டு எதையும் விளக்கத் தேவையில்லை.

அவன் கேட்டது நல்ல காரியத்துக்குத்தான். அதுதான் இன்னும் எரிச்சல். அம்மம்மாவின் கடைசித் தம்பி, எங்களுக்குச் சின்னத் தாத்தா, திருகோணமலை உவர்மலையில் இருக்கிறார். வயது தொண்ணூறு. 1942 ஏப்ரல் 9 காலையில் யப்பான் விமானங்கள் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டபோது அவருக்கு ஆறு வயது. தாய் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடியது ஞாபகம் இருக்கிறது என்பார். 1957இல் வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது டொக்யார்ட்டில் வேலை பார்த்த இளந்தாரி. இதையெல்லாம் கண்ணால் கண்டு சொல்ல ஊரில் இன்னும் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள்? அதனால் ஒரு சொல்லும் சொல்லாமல் மைக்கைத் தூக்கிக் கொடுத்தேன். மூன்று பற்றன் உள்ள கண்டென்சர் மைக். பற்றன் என்றால் எந்தெந்தப் பக்கத்துச் சத்தத்தை மைக் எடுக்கும் என்ற அமைப்பு, சுவிச்சால் மாற்றலாம். இரண்டு வருடம் காசு சேர்த்து வாங்கியது. "சுவிச்சைப் பாத்துப் போடு, ஹெட்போனைக் காதில போட்டுக் கேள்" என்று இரண்டே இரண்டு விடயம் சொன்னேன். "எல்லாம் வீடியோவில பாத்திட்டன் மாமா" என்றான்.

நடந்ததை மூன்று தரம் அவன் வாயாலேயே சொல்லவைத்துக் கேட்டேன். ஒவ்வொரு தரமும் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

முன்னறையில் ஒரு சின்ன மேசை. இந்தப் பக்கம் கதிரையில் இவன். அந்தப் பக்கம் சாய்மனைக் கதிரையில் தாத்தா. இருவரும் எதிரெதிரே, நடுவில் மைக். உச்சியில் மின்விசிறி, வலப்பக்கம் வீதியைப் பார்த்த யன்னல். இதுவரை எல்லாம் சரி. இதைவிட நல்ல இருப்பை நான்கூடப் போட்டிருக்கமாட்டேன். அதனால்தான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. ஒரே ஒரு சுவிச், அதை ஒரு தட்டுத் தட்டியிருந்தால் முடிந்த வேலை!

இந்த வகை மைக்கில் பாடுவதும் பேசுவதும் உச்சியில் இல்லை, பக்கவாட்டில். பெரும்பாலும் பெயர் பொறித்த பக்கம்தான் அதன் முகம். அந்த முகத்தை இவன் தன் பக்கம் திருப்பி வைத்திருக்கிறான். ஏன் திருப்பினாய் என்று கேட்டேன். "சுவிச் என்ர பக்கம் இருந்தா வசதி எண்டு நினைச்சன் மாமா." வசதிக்காகத் தன் பக்கம் திருப்பிய அந்தச் சுவிச்சை ஒரு மணித்தியாலம் ஐம்பத்திரண்டு நிமிடமும் அவன் தொடவே இல்லை! அது இதயக் குறியில் நின்றது. கார்டியோயிட். முன்னால் இருப்பவரை நன்றாகக் கேட்கும். பக்கத்தில் இருப்பவர் 6 டெசிபல் குறைவு, அதாவது பாதி. நேர் பின்னால் கணக்குப்படி பூச்சியம். நடைமுறையில் முழுப் பூச்சியம் வராது, ஆனால் 20 டெசிபல் அளவுக்காவது இறங்கிவிடும், பத்தில் ஒரு பங்கு. அந்த இடத்தில், ஒரு பாகைகூடப் பிசகாமல், தொண்ணூறு வயது மனிதரின் வாய்.

அப்படியென்றால் பதிவில் என்ன கேட்கிறது? தாத்தாவின் குரல் நேராக மைக்குக்குப் போகவில்லை. இவனுக்குப் பின்னால் இருந்த சீமெந்துச் சுவரில் போய் முட்டித் திரும்பி முன்பக்கத்தால் நுழைந்திருக்கிறது. கிணற்றுக்குள் இருந்து யாரோ கதைப்பது போல ஒரு முணுமுணுப்பு. அதற்கு மேலே இவனுடைய குரல்! ஒரு சாண் தூரத்தில் வாயை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். கார்டியோயிட்டில் அவ்வளவு கிட்டப் போனால் அடிக்குரல் தானாகத் தடிக்கும். வானொலி அறிவிப்பாளர் போல, பிசிறில்லாமல், "ஓம் தாத்தா… ம்ம்… பிறகு?… ஓம்… ஓம்…" ஒரு மணித்தியாலம் ஐம்பத்திரண்டு நிமிடமும் எனக்குக் கிடைத்தது இவனுடைய ஓம்.

முப்பத்தேழாவது நிமிடத்தில் "ஐயோ!" என்கிறான். உண்மையாகவே மனம் உருகிய ஐயோ. அதற்கு முன் நாலு நிமிடம் தாத்தா ஏதோ சொல்லியிருக்கிறார். குரல் தழுதழுப்பது மட்டும் தெரிகிறது, சொல் தெரியவில்லை. சத்தத்தைக் கூட்டிக் கூட்டி, ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்து எட்டுத் தரம் கேட்டேன். கடைசியில் அவனிடமே கேட்டேன், தாத்தா அந்த இடத்தில் என்னதான் சொன்னார்?

"ஏதோ கவலையான கதை மாமா. ரெக்கோர்ட் ஆகுதுதானே எண்டு நான் வடிவாக் கவனிக்கேல்ல."

ரெக்கோர்ட் ஆகுதுதானே! ஹெட்போன் அதே பைக்குள் சுருட்டியபடி இருந்தது. பெரியவருக்கு முன்னால் அதைப் போட்டுக்கொண்டு இருந்தால் மரியாதை இல்லை என்று போடவில்லையாம். திரையில் அலை எழும்பி எழும்பி விழுந்ததாம், அதைப் பார்த்துத் திருப்திப்பட்டானாம். அந்த அலை முழுக்க அவனுடைய ஓம். பத்துச் செக்கன், வெறும் பத்துச் செக்கன் அந்த ஹெட்போனைக் காதில் வைத்திருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும்.

இது போதாதென்று, என்னிடம் வருவதற்கு முன்னமே இரைச்சல் நீக்கும் மென்பொருள் ஒன்றில் போட்டிருக்கிறான். அது என்ன செய்யும்? கிட்டக் கேட்கும் குரலைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டது. தூரத்தில் முணுமுணுப்பது இரைச்சல் என்று முடிவுகட்டித் துடைத்துவிட்டது. மின்விசிறியோடு சேர்த்துத் தாத்தாவையும் துடைத்துவிட்டது! "இது கிளீனாக் கிடக்கு மாமா" என்று அந்தக் கோப்பை முதலில் போட்டுக் காட்டினான். அமைதி. ஓம். அமைதி. பிறகு தாத்தா. அமைதி. அதைக் கேட்டபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை, கண் கலங்கிவிட்டது. மூலக்கோப்பை அழிக்காமல் வைத்திருந்தானே, அந்த அளவில் பிழைத்தேன்.

சுவிச்சில் மூன்று படம் இருக்கிறது. வட்டம், இதயம், எட்டு. இரண்டு பேர் எதிரெதிரே இருந்து கதைக்கும்போது எட்டுக் குறி. முன்னும் பின்னும் ஒரே அளவாகக் கேட்கும், இரண்டு பக்கமும் செவிடு. பக்கம் மட்டுமல்ல, மேலும் கீழும் செவிடு. யன்னல் பக்கத்தில் இருந்தது, மின்விசிறி நேர் உச்சியில் இருந்தது. கச்சான் காற்று அடிக்கிற நாளில் மின்விசிறி இல்லாமல் அந்த முன்னறையில் தாத்தாவை இருத்தவும் முடியாது. எட்டில் போட்டிருந்தால் வீதிச் சத்தமும் மின்விசிறியும் தணிந்து, இரண்டு குரலும் பக்குவமாக விழுந்திருக்கும். அந்த இருப்புக்காகவே செய்ததுபோல ஒரு குறி! இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவன் கேட்டான்:

"எட்டு எண்டா எட்டுப் பேர் கதைக்க எண்டெல்லோ நினைச்சன் மாமா?"

அவனை மட்டும் திட்டி என்ன பயன்? கொழும்பில் எனக்கு இதை விற்றவருக்கும் இதற்கு மேல் தெரியாது. "பற்றன் கூட இருந்தா குவாலிட்டியும் கூட, அண்ணை" என்றார். அவ்வளவுதான் விளக்கம். பொய்! பற்றனுக்கும் தரத்துக்கும் என்ன சம்பந்தம்? உள்ளே இரண்டு மெல்லிய சவ்வு முதுகோடு முதுகாக இருக்கிறது. ஒவ்வொன்றும் தனியே ஓர் இதயம். முன்சவ்வை மட்டும் எடுத்தால் கார்டியோயிட். இரண்டையும் கூட்டினால் வட்டம், நாலா பக்கமும் கேட்கும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் எட்டு. கூட்டலும் கழித்தலும்தான் விடயம். 1930களில் ஜெர்மனியில் பிரவுன்மூலும் வெபரும் இந்த இரட்டைச் சவ்வை உருவாக்கினார்கள். 1949இல் நொய்மன் நிறுவனத்தின் யூ 47 என்ற மைக் வட்டமும் இதயமுமாக வந்தது, 1967இல் யூ 87 மூன்று குறியோடும் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அதே மூன்று படம். விற்கிறவர் அதைப் படிக்க ஐந்து நிமிடம் செலவழிக்கக்கூடாதா? பெட்டிக்குள் வரும் தாளிலும் படத்தைப் போட்டு ஆங்கிலத்தில் பெயரை எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். யாரை எங்கே இருத்துவது என்று ஒரு வரி கிடையாது.

வீட்டில் தனியே இருந்து பாடவோ பேசவோ போகிறவருக்கு இதயக் குறி மட்டும் உள்ள மைக் தாராளமாகப் போதும். மிச்சக் காசுக்குத் தடித்த திரைச்சீலை வாங்கிச் சுவரில் தொங்கவிடுங்கள், குரல் உடனே மாறும். இரண்டு பேரைப் பேசவைக்க வேண்டும், நாலு பேரைச் சுற்றி இருத்திப் பாடவைக்க வேண்டும் என்றால் மட்டும் மூன்று குறிக்குக் காசு கொடுங்கள். வட்டத்தைத் தொடுவதற்கு முன் அறையைப் பாருங்கள். வெறும் சுவரும் தகரக் கூரையுமாக இருந்தால் எதிரொலி முழுவதும் உள்ளே வந்துவிடும். வட்டத்தில் ஒரு முழம் தள்ளி நின்று எடுக்கும் அதே தெளிவை இதயத்தில் ஒன்றே முக்கால் முழம் தள்ளி நின்றும் எடுக்கலாம். இதைச் சொல்லித் தந்திருந்தால் நான் முதல் ஆறு மாதம் எதிரொலியோடு மல்லுக்கட்டியிருக்கமாட்டேன். அக்காவின் மகளுடைய பாட்டு ஒன்று அப்படியே வீணாய்ப் போனது. அதையும் நான் மறக்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் உவர்மலைக்குப் போனேன். திரும்ப ஒருக்கால் சொல்லவேணும் தாத்தா என்று எப்படி வாய் திறப்பது? முதலில் பதிவைக் கேட்கத் தந்தேன். ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பெடியன்ர குரல் நல்லா இருக்கு" என்றார்.

நான் விடயத்தைச் சொன்னேன். "நான்தான் எல்லாம் சொல்லிப்போட்டனே தம்பி. ஒருக்காச் சொன்னது போதும்" என்றார். நியாயம்தானே? அந்த நாலு நிமிடத்தில் என்ன இருந்ததோ, அதை மறுபடி சொல்லச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? பேசாமல் இருந்தேன். வெளியே பாண் ஓட்டோ பாட்டுப் போட்டபடி போனது. தாத்தா எழும்பிப் போய்க் கைதட்டி நிறுத்தி இரண்டு பணிஸ் வாங்கிவந்து ஒன்றை எனக்குத் தந்தார். தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, ஞாயிறு காலமை வா. அவனையும் கூட்டிக்கொண்டு வா. ஆனா அவன் ஓம் போடக்கூடாது" என்றார்.

ஞாயிறு போகிறேன். மைக் எட்டில், ஹெட்போன் என் தலையில்.

வீட்டுக்கு வந்து ஸ்டாண்டை எடுத்துப் பூட்டிப் பார்த்தால், அந்தச் சின்னப் பித்தளை அடப்டரைக் காணவில்லை! ஸ்டாண்டின் மரை 3/8 அங்குலம், மைக்பிடியின் மரை 5/8 அங்குலம், இரண்டுக்கும் நடுவே அது இல்லாமல் மைக் நிற்காது. போன் அடித்தேன். "அது என்னவோ சும்மா கழண்டு விழுந்தது மாமா, மேசையில வச்சனான் எண்டு நினைக்கிறன்" என்கிறான். எந்த மேசை என்று தெரியாதாம். இன்று மெயின் வீதியில் மூன்று கடையில் கேட்டுவிட்டேன், மூன்றிலும் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் சாமானை எடுத்துக் காட்டுகிறார்கள்.